பாகம் வாங்குவதா, அளவு பார்ப்பதா?

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் 2013இல் வெளியிட்ட டிடி-02 காரை வைத்தே பலர் ரிமோட் கார் பந்தயத்துக்குள் நுழைகிறார்கள். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, நான்கு சக்கரங்களுக்கும் ஷாஃப்ட் வழியே இழுவிசை, தொட்டி வடிவப் பிளாஸ்டிக் சேஸிஸ். விலை குறைவு, அடியும் தாங்கும். ஆனால் பெட்டியில் வந்தபடியே பூட்டி ஓட்டினால், வளைவில் திருப்பத் திருப்ப மூக்கு வெளிப்பக்கமே போகும். தரை சற்றுக் கரடுமுரடாக இருந்தால் துள்ளும். அங்கிருந்துதான் பாகங்களை மாற்றும் ஆசை பிறக்கிறது. அந்த ஆசையில் பாதி நியாயமானது.

சாதாரண டிடி-02 கிட்டில் வரும் ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் கிடையாது. உராய்வை மட்டும் நம்பி அது ஸ்பிரிங்கை அடக்கப் பார்க்கிறது, முடிவதில்லை. எண்ணெய் ஷாக் மாட்டியதும் டயர் தரையை விட்டு எழும்புவது குறைந்து, பிடிமானம் சீராகிறது. பிளாஸ்டிக் புஷ்களுக்குப் பதிலாகப் பால் பேரிங் போடுவதும் அப்படித்தான். தூசி ஏறித் தேய்ந்த புஷ்ஷில் சக்கரம் ஆடும்; ஆடுகிற சக்கரத்துக்குக் கோணம் பார்த்து என்ன பயன்? இந்த இரண்டு செலவும் காரை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி நடக்க வைக்கின்றன. மற்ற மாற்றங்களின் பலன் தெரிய வேண்டுமென்றால் இவை முதலில் வேண்டும்.

அலுமினிய மோகத்தை இப்படி ஆதரிக்க முடியாது. நீல நிறத்தில் மின்னும் சஸ்பென்ஷன் கைகள் கண்ணைப் பறிக்கும், உண்மைதான். ஆனால் ஓரத் தடுப்பில் மோதும்போது பிளாஸ்டிக் கை வளைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அலுமினியக் கை வளைந்தால் வளைந்ததுதான். வளையாவிட்டால் அடி முழுவதும் சேஸிஸுக்குப் போய்த் திருகாணித் துளையைப் பிய்க்கும். சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் எடையும் கூடிவிடும். மோட்டாரைத் தாங்கும் தகடு அலுமினியமாக இருந்தால் சூடு வெளியேறும். ஸ்டீயரிங் இணைப்பில் இருந்தால் ஆட்டம் போகும். காரணம் சொல்ல முடிகிற இடங்கள் இவை. மற்றவை பெரும்பாலும் அலங்காரம்.

காரை இப்படிச் சீரமைக்கும் பழக்கத்தின் உண்மையான பலம் காசே செலவாகாத வேலையில் இருக்கிறது. சமமான பலகையில் காரை வைத்து, முன்பக்கத்தின் நட்ட நடுவில் கத்தி முனையைக் கொடுத்து மெல்லத் தூக்கிப் பார்ப்பார்கள். இரண்டு சக்கரமும் ஒரே நொடியில் தரையை விட வேண்டும். ஒன்று முந்தினால், சேஸிஸ் முறுக்கியிருக்கிறது அல்லது ஒரு பக்க ஸ்பிரிங் கூடுதலாக இறுகியிருக்கிறது. அந்தக் கார் இடப்பக்கம் ஒரு விதமாகவும் வலப்பக்கம் வேறு விதமாகவும் திரும்பும். எத்தனை விலையுயர்ந்த பாகம் போட்டாலும் இது தீராது.

சஸ்பென்ஷன் கீழே தொங்கும் அளவும் அப்படியே. பந்தயக்காரர்கள் இதை டிரூப் என்பார்கள். பின்பக்கம் அதிகம் தொங்கவிட்டால், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எடை முன்னால் பாய்ந்து மூக்கு வளைவுக்குள் கூர்மையாக நுழையும். பின்பக்கம் பிய்த்துக்கொள்ளும் அபாயமும் கூடவே வரும். குறைத்தால் கார் அடங்கி நடக்கும், ஆனால் மந்தமாகத் திரும்பும். ஒரு மில்லிமீட்டர் மாற்றமே கையில் தெரியும். எடை எங்கிருந்து எங்கே போகிறது என்பதை வகுப்பறையைவிடத் தெளிவாக இந்தச் சிறு கார் கற்றுக்கொடுக்கிறது. பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடாமல் இருக்க இந்த ஒரு காரணம் போதும்.

பிடிமானம் கூடக்கூட நல்லது என்ற நம்பிக்கையும் தவறானது. உள்ளரங்குக் கார்ப்பெட் தளங்களில் டயர் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ள, கார் வளைவிலேயே உருண்டுவிடும். அங்கே அனுபவசாலிகள் முன் டயரின் பக்கச்சுவரில் சூப்பர் குளூவை மெல்லிதாகப் பூசிக் காயவைக்கிறார்கள். ரப்பரின் விளிம்பு கடினமாகி, தரையைக் கவ்வாமல் வழுக்கும். பிடிமானத்தை வேண்டுமென்றே குறைத்து வேகம் காண்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தின் பெரிய குறை, பிறருடைய அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்வது. ஜெர்மனியின் மார்க் ரைனார்ட் தமியா காரில் 2004, 2008, 2010 ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றவர். அவரைப் போன்றவர்கள் தங்கள் காரின் அளவுகளைக் குறித்துவைக்கும் செட்டப் தாள்கள் எவருக்கும் கிடைக்கின்றன. ரகசியம் காக்காத இந்தப் பெருந்தன்மை பாராட்டத்தக்கது. ஆனால் அந்தத் தாள் ஒரு குறிப்பிட்ட தளம், டயர், வெப்பநிலை, விரல் பழக்கம் ஆகியவற்றுக்காக எழுதப்பட்டது. புதியவர் அதிலுள்ள பத்து அளவுகளையும் ஒரே இரவில் மாற்றிவிட்டால், கார் மோசமானால் எதனால் என்று தெரியாது. தேறினாலும் எதனால் என்று தெரியாது. ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பும் பழக்கமும் ஸ்பிரிங்கின் குற்றமாகப் பதிவாகிவிடும்.

செலவுப் போட்டியை அடக்கத்தான் பல பந்தயங்களில் எல்லோருக்கும் ஒரே டயர், ஒரே மோட்டார் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதனால் புதியவர்கள் கூச்சமின்றிக் களமிறங்க முடிகிறது. விதி இல்லாத இடத்தில், டிடி-02க்கு ஒவ்வொன்றாகப் பாகம் வாங்குபவர் கொஞ்சம் கொஞ்சமாக இன்னொரு நல்ல காரின் விலையையே கொடுத்திருப்பார். சாதாரண டிடி-02இல் மேல் கைகளின் நீளம் நிலையானது. சக்கரச் சாய்வை மாற்ற வழியில்லை. அந்த வசதியோடு டிடி-02 டைப்-எஸ் என்ற வகையைத் தமியாவே விற்கிறது. கார் அமைப்பை ஆழமாகக் கற்க விரும்புபவர் முதல் நாளே அதை வாங்கி, மிஞ்சும் பணத்தை டயருக்கு வைத்துக்கொள்ளலாம்.