பெருநகரத் தனியரும் விடுதிப் பெண்களும்: மணமாகாதோர் குறித்த வார்ப்புப் படிமங்கள்

ஆய்வுச் சுருக்கம்

பெருநகரங்களில் மணமின்றி வாழ்வோர், காதலிப்போர் குறித்துத் தமிழ்ப் புனைவும் திரைப்படமும் பொதுப்பேச்சும் உருவாக்கியுள்ள வார்ப்புப் படிமங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அப்படிமங்கள் நகரத்தோரை மட்டும் பாதிப்பன அல்ல. பெருநகரத்தைக் காணாத உழைக்கும் பெண்களின் அன்றாடத்தையும் அவையே வரையறுக்கின்றன என்பதைத் திண்டுக்கல் சமவெளியின் நூற்பாலை விடுதிகளைச் சான்றாகக் கொண்டு நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வார்ப்புப் படிமம், மணமாகாதோர், பெருநகரம், கற்பு, நூற்பாலை விடுதி, சுமங்கலித் திட்டம்.

சொல்லில் உள்ள சிக்கல்

மணம் செய்யாமல் தனித்து வாழும் வயதுவந்த ஒருவரை எவ்விதச் சார்புமின்றிக் குறிக்கத் தமிழில் சொல் எளிதில் அமைவதில்லை. ஆணுக்குத் ‘தனிக்கட்டை’, ‘கட்டைப் பிரம்மச்சாரி’ என்பன உண்டு. அவற்றில் மெல்லிய கேலி இருக்கிறது. பெண்ணுக்குக் ‘கன்னி’, ‘முதிர்கன்னி’ என்பன உண்டு. முன்னதில் காவலும் பின்னதில் இரக்கமும் ஒட்டியுள்ளன. அண்மைக்கால இளைஞர் வழக்கான ‘முரட்டு சிங்கிள்’ தற்பெருமையும் தன்னெள்ளலும் கலந்த சொல். ஆண்கள் அதனைத் தம்மைப் பற்றித் தாமே உல்லாசமாகச் சொல்லிக்கொள்கின்றனர். ஒரு பெண் அதே உல்லாசத்துடன் தன்னை அவ்வாறு அறிவித்துக்கொள்ளும் வழக்கு அரிது. ‘பேச்சிலர்களுக்கு வீடு இல்லை’ என்னும் வாடகை அறிவிப்பில் அச்சொல் ஒரு குற்றச்சாட்டாகவே மாறிவிடுகிறது. இக்கட்டுரையில் ‘தனியர்’ என்னும் சொல் இருபாலருக்கும் பொதுவாக ஆளப்படுகிறது. அது முழு நிறைவு தரும் சொல் அன்று. எனினும் மேற்கண்டவற்றைக் காட்டிலும் சுமை குறைந்தது.

ஒரு கருத்துக்கணிப்பும் இருபத்து மூன்று வழக்குகளும்

பெருநகரத் தனியர் பற்றிய படிமம் தமிழ்ச்சூழலில் எவ்வளவு எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதற்கு 2005ஆம் ஆண்டு நிகழ்வைவிடத் தெளிவான சான்று இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியா டுடே இதழ் இந்தியப் பெருநகரவாசிகளின் பாலியல் பழக்கங்கள் குறித்த கருத்துக்கணிப்பு ஒன்றை வெளியிட்டது. அதனையொட்டி நடிகை குஷ்பு, திருமணத்திற்கு முந்தைய உறவு பற்றித் தம் கருத்தைத் தெரிவித்தார். தொடர்ந்து அவர்மீது இருபத்து மூன்று குற்றவியல் முறையீடுகள் தொடுக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் தொடுக்கப்பட்டவை. 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றை நீக்க மறுத்தது. 2010 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம் அனைத்தையும் நீக்கித் தீர்ப்பளித்தது.

இவ்வழக்கு பெரும்பாலும் கருத்துரிமை வழக்காகவே நினைவுகூரப்படுகிறது. அது சரியே. ஆனால், இலக்கிய மாணவர் கவனிக்க வேண்டியது அதிலுள்ள பொருள்மாற்றத்தை. கணிப்பின் களம் ‘பெருநகரம்’. பேச்சின் பொருள் நகரத்து இளையோர். எதிர்வினையிலோ அது ‘தமிழ்ப்பெண்’ மீதான பழியாக உருமாறியது. நகரம் என்னும் இடம் மறைந்து, இனம் என்னும் உடல் அவ்விடத்தில் வந்து அமர்ந்தது. இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதற்குரிய மொழி ஏற்கெனவே ஆயத்தமாக இருந்திருக்க வேண்டும். அதனை ஆயத்தம் செய்ததில் புனைகதைக்கும் திரைப்படத்துக்கும் பங்குண்டு.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ (1966) சிறுகதை எழுப்பிய சர்ச்சையை இங்கு நினைக்கலாம். மழை, பேருந்து நிறுத்தம், கார் ஆகிய மூன்றும் நகரத்துப் பொருள்கள். கதையின் தாய் மகளைத் தலைமுழுக்காட்டி ஏற்றுக்கொண்டாள். வாசகருள் பலர் ஏற்கவில்லை. சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் ஜெயகாந்தன் அதே நிகழ்வை மறுதிசையில் செலுத்தினார். அங்கு குடும்பம் விலக்குகிறது. கங்கா படித்து, உயர்பணி பெற்று, மணமின்றி வாழ்கிறாள். தமிழில் தனியளான நகரத்துப் பெண்ணுக்கு ஓர் ‘இறந்தகாலம்’ இருந்தே தீர வேண்டும் என்னும் மரபு கங்காவுக்குப் பின் வலுப்பெற்றது. அவள் ஏன் தனியாக இருக்கிறாள் என்பதற்குக் காரணம் கேட்கப்படுகிறது. காரணமின்றி ஒருத்தி தனியாக இருத்தல் கதையாவதில்லை. இதில் ஜெயகாந்தனின் பிழை ஏதுமில்லை. அவருக்குப் பின் வந்தோர் கங்காவின் அறிவை விட்டுவிட்டு அவளுடைய காயத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ இதற்கு நல்ல மாற்று. ஜமுனாவும் சாயாவும் வாழும் சென்னைத் தெருவில் முதற்சிக்கல் தண்ணீர். ஒழுக்கம் அதற்குப் பின்னரே வருகிறது. ஜமுனாவைத் தெரு பேசுகிறது, ஆசிரியர் பேசுவதில்லை. படிமத்தை உடைக்கும் அறைகூவல் எதுவும் இல்லாமலேயே அந்நாவல் அதனைச் செயலற்றதாக்குகிறது.

நகரங்களும் அவற்றுக்கு ஒதுக்கப்பட்ட தனியரும்

திரைப்படத்தில் ஒவ்வொரு நகருக்கும் ஒரு தனியர் வகை ஒதுக்கப்பட்டுள்ளது. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980) காட்டும் தில்லித் தனியர் பட்டதாரி, வேலையற்றவர், பசித்தவர். மணிரத்னத்தின் ‘ஓ காதல் கண்மணி’ (2015) காட்டும் மும்பைத் தனியர் கணினி விளையாட்டு உருவாக்குபவர், கட்டடக்கலை பயின்றவர். பசி அவர்களுக்குப் பொருளன்று. ‘பெங்களூர் டேஸ்’ என்னும் மலையாளப் படத்தைத் தழுவிய ‘பெங்களூர் நாட்கள்’ (2016) பெங்களூரை உறவினர் கண்ணுக்கு எட்டாத விடுமுறை வெளியாக்குகிறது. மதுரைக்கோ காதலும் அரிவாளும் சேர்த்தே தரப்பட்டுள்ளன. முப்பத்தைந்து ஆண்டுகளில் தனியரின் இயல்பு மாறவில்லை, வேலைச்சந்தை மாறியிருக்கிறது. படிமம் சம்பளத்தைப் பின்தொடர்கிறது.

மணமின்றிச் சேர்ந்துவாழும் இணையை மணிரத்னம் சென்னையிலோ கோவையிலோ வைக்காமல் மும்பையில் வைத்தது தற்செயலாகத் தோன்றவில்லை. மாநில எல்லைக்கு அப்பால் நிகழும்போது அது பார்வையாளருக்குச் சுற்றுலாவாகிறது. இறுதியில் திருமணம் அவர்களை மீட்டுக் கொண்டுவருகிறது. உள்ளூரில் அதே செயல் நிகழ்ந்தால் என்னவாகும் என்பதற்குக் கோவை விடுதி ஒன்று மூடி முத்திரையிடப்பட்ட நிகழ்வு சான்று. மணமாகாத இருவர் ஓர் அறையில் தங்கியது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அவ்வாறு தங்குவதைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

இந்நகரப் பங்கீட்டைத் திணைக்கோட்பாட்டின் தொடர்ச்சியாகக் கொள்ளும் போக்கு ஆய்வரங்குகளில் தலைகாட்டுகிறது. நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு என்பதுபோல மும்பைக்குச் சேர்ந்துவாழ்தல், மதுரைக்குக் குருதி என்று அடுக்கிக் காட்டுவது கவர்ச்சியாகவே உள்ளது. ஆயினும் ஒப்புமை பொருந்தாது. திணை, புலவனும் கேட்போனும் அறிந்தே ஏற்றுக்கொண்ட மரபு. நெய்தல் நிலத்துப் பெண்கள் எல்லாரும் இரங்கிக்கொண்டிருந்தனர் என்று எவரும் நம்பவில்லை. வார்ப்புப் படிமமோ தன்னை மரபென்று அறிவிப்பதில்லை, செய்தியென்று அறிவிக்கிறது. தொல்காப்பியத்திலிருந்து இங்குக் கடன்பெறத்தக்கது திணையன்று, ‘அலர்’ என்னும் கருத்தே. யார் பேசுகின்றனர், பேச்சினால் யாருடைய நடமாட்டம் குறைகிறது என்னும் வினாக்களை அது எழுப்புகிறது. அகப்பாடல்களில் அலரை அடுத்து இற்செறிப்பு வருவதை நாம் அறிவோம்.

மேன்சனும் அங்காடியும்

நகரம் விடுதலை, சிற்றூர் சிறை என்னும் எதிர்நிலைக்கு மதிப்புமிக்க வரலாறு உண்டு. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்வோரை அம்பேத்கர் கடுமையாக மறுத்ததன் பின்னே சாதி அனுபவம் இருந்தது. எனவே அவ்வெதிர்நிலையை எளிதில் தள்ளிவிட இயலாது. அது எவ்விடத்தில் நின்றுபோகிறது என்று பார்க்கலாம்.

பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004) அந்த இடத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. மதுரையிலிருந்து ஓடிவரும் இணை சென்னைத் திருவல்லிக்கேணி மேன்சனை அடைகிறது. மேன்சன் ஆண்களுக்கானது, பெண்ணுக்கு அங்கு இடமில்லை. முருகனுக்குக் குறைந்தளவு ஒரு பாய் கிடைக்கும்; ஐஸ்வர்யாவுக்கு அதுவும் இல்லை. நகரம் அவர்களுக்கு அளிக்கும் விடுதலை, இரவு எங்கே தங்குவது என்னும் வினாவில் முடிகிறது. உதவுவோர் மேன்சன்வாசிகளே. வாடகை அறிவிப்புகள் அஞ்சும் அதே ‘பேச்சிலர்கள்’ ஒரு திருமணத்தை நடத்திவைக்கின்றனர். படத்தின் இறுதி வன்முறை பலராலும் பேசப்பட்டது. இப்பகுதியே நுட்பமானது என்பது என் கணிப்பு.

குஷ்பு வழக்கில் தீர்ப்பு வெளிவந்த அதே 2010இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ வந்தது. ரங்கநாதன் தெருத் துணிக்கடையில் பணிபுரியும் தென்மாவட்ட இளையோரின் கதை. சென்னை மாநகரின் நடுவே வாழும் இவ்விளையோருக்குப் பெருநகரம் கிடைக்கவே இல்லை. கடை, உணவுக்கூடம், விடுதி என்னும் மூன்று சுவர்களுக்குள் அவர்களுடைய நாள் அடங்குகிறது. காதல் கடிதம் மேற்பார்வையாளர் கையில் சிக்குகிறது. வேலையைக் காக்கக் காதலன் மறுக்கிறான். பெண் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். இங்குக் காதலைத் தடுப்பது சாதியோ குடும்பமோ மட்டும் அன்று. உழைப்பை இடைவிடாது பெறவேண்டிய முதலாளியும் ஒழுக்கக் காவலர் வேடம் பூணுகிறார். பெருநகரத் தனியர் பற்றிய ஆய்வுகள் ‘ஓ காதல் கண்மணி’யைப் பற்றிப் பேசிவிட்டு இப்படத்தை ‘உழைப்பாளர் சிக்கல்’ என்னும் வேறு தலைப்பில் ஒதுக்குவது வழக்கமாகியுள்ளது. ஆதித்யாவும் தாராவும் தனியர். லிங்குவும் கனியும் தொழிலாளர் என்னும் இப்பகுப்பிலேயே வார்ப்பு தொடங்கிவிடுகிறது.

வேடசந்தூர்ச் சமவெளி

திண்டுக்கல் திரையில் பெரும்பாலும் ஓர் அடைமொழி. மலையாள ‘வடக்குநோக்கியந்திரம்’ தமிழில் ‘திண்டுக்கல் சாரதி’ (2008) ஆனபோது, தன் தோற்றத்தை எண்ணித் தாழ்ந்து, மனைவியை ஐயுறும் ஆணுக்கு இவ்வூர்ப் பெயர் முன்னொட்டாயிற்று. பூட்டும் பிரியாணியும் தவிர்த்த திண்டுக்கல்லைக் காண வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டை வழியே செல்ல வேண்டும். மழையை நம்பிய வேளாண்மை தளர்ந்த இச்சமவெளியில் நூற்பாலைகள் பெருகின. அவற்றுக்குத் தேவைப்பட்டவர் மணமாகாத இளம்பெண்கள்.

‘சுமங்கலித் திட்டம்’, ‘மாங்கல்யத் திட்டம்’ என்னும் பெயர்களில் கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களில் நடந்த ஆட்சேர்ப்பை 2011 முதல் பன்னாட்டு ஆய்வறிக்கைகள் விரிவாகப் பதிவுசெய்துள்ளன. பெரும்பாலும் மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கி உழைக்க வேண்டும். ஊதியத்தின் ஒரு பகுதி பிடித்துவைக்கப்பட்டு இறுதியில் மொத்தத் தொகையாகத் தரப்படும். அது திருமணச் செலவுக்கு என்று சொல்லப்படும். வரதட்சணை 1961இலேயே சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதற்கான சேமிப்போ ஓர் ஆட்சேர்ப்பு விளம்பரமாயிற்று.

பெயரைச் சற்று நின்று நோக்க வேண்டும். சுமங்கலி என்பவள் கணவனோடு வாழ்பவள். மணமாகாத பெண்ணின் மூன்றாண்டு உழைப்புக்கு அப்பெயரைச் சூட்டும்போது, அவளுடைய நிகழ்காலம் எதிர்காலத் தாலியின் முன்பணமாகக் குறுகுகிறது. ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) கவிதாவுக்குக் குடும்பத்தின் வருவாய்க்காகத் திருமணம் ஒத்திவைக்கப்பட்டது. ஆலைப் பெண்ணுக்குத் திருமணத்துக்காக ஊதியமே ஒத்திவைக்கப்படுகிறது. கவிதாவிடம் மாதச் சம்பளமும் அதைக்கொண்டு சினங்கொள்ளும் உரிமையும் இருந்தன.

விடுதிகளின் விதிகளாக அவ்வறிக்கைகள் குறிப்பவை நமக்கு இலக்கியச் சான்றாகவும் பயன்படும்: கைப்பேசிக் கட்டுப்பாடு, துணையின்றி வெளியேறத் தடை, பெற்றோர் தவிர்த்த பார்வையாளருக்கு மறுப்பு. பெருநகரத் தனியர் படிமத்தை ஒவ்வொரு கூறாக எடுத்து எதிர்மறையாக்கினால் இவ்விதிகள் கிடைக்கும். அங்கே கைப்பேசி, ஊர்சுற்றல், யாரென்று தெரியாத நண்பர். இங்கே அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு. மகளைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப அஞ்சும் பெற்றோரிடம் ஆலை விற்பது பாதுகாப்பு என்னும் சொல்லை. அச்சொல்லுக்கு விலை ஏற்படுத்தித் தந்தது நகரம் பற்றி நாம் சொல்லிவந்த கதைகள். இற்செறிப்பு இங்கு வேலைவாய்ப்பின் வடிவத்தில் திரும்பி வந்துள்ளது. தாய் செய்த காவலை வார்டன் செய்கிறார். காவலின் பயனோ நூலாகி வெளியேறுகிறது.

காவல் உண்மையில் காத்ததா? 2021 ஜனவரியில் இம்மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலையொன்றின் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஆபத்து மதிலுக்கு வெளியே நிற்கும் அயலான் வடிவில் வருவதாகவே நம் கதைகள் கற்பித்திருந்தன. இந்நிகழ்வையடுத்துத் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்னும் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கமும் உடனிருந்த தொழிலாளர் அமைப்புகளும் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் 2022 ஏப்ரலில் செய்துகொண்ட உடன்பாடு ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று உலகெங்கும் அறியப்படுகிறது. பாலினம், சாதி ஆகியவற்றின் பேரிலான வன்முறையைத் தொழிலாளரே கண்காணிக்க அது வழிசெய்கிறது. பெண் தொழிலாளியின் ஒழுக்கத்தைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. அவளை மேற்பார்ப்போரின் நடத்தையே அதன் பொருள். பாடம் என்னும் நிலையில் அதனை வாசித்தால், மணமாகாத பெண்ணைப் பற்றி எழுதப்பட்ட தமிழ்ப் புனைவுகள் பலவும் செய்யத் தவறிய திசைமாற்றம் அது.

பெண் சித்திரிப்பு பற்றிய நம் ஆய்வேடுகள் கதைமாந்தரை ‘நேர்மறை’, ‘எதிர்மறை’ என இரு பட்டியலில் இட்டு நிறைவுகொள்கின்றன. அப்பட்டியலில் தாராவுக்கு இடமுண்டு, கங்காவுக்கு இடமுண்டு. வேடசந்தூர்ச் சாலையில் மில் வண்டிக்குக் காத்துநிற்கும் பெண் எந்தப் பட்டியலிலும் இல்லை. சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது; அதன் வகுப்பறைகளிலும் திண்டுக்கல் கல்லூரிகளிலும் அப்பெண்ணின் தங்கையோ தோழியோ தமிழிலக்கியம் பயின்றுகொண்டிருக்கலாம். விடுதி நாள்களின் வாய்மொழிப் பதிவும், அங்கு மறைத்து எழுதப்பட்ட கடிதங்களும், வார்டனைக் கேலிசெய்யும் பாட்டும் அவர்கள் வழியாகவே நம் கைக்கு வர வேண்டும். அவற்றைத் தொகுக்கும் ஆய்வாளர் முதலில் விட்டுவிட வேண்டிய வினா, அப்பெண்கள் அங்கே யாரையேனும் காதலித்தனரா என்பது.