ஆஃப்டர் அவர்ஸ்: காது கொடுக்காதவனின் ஒரு ராத்திரி

ஸ்கோர்செஸி என்றதும் டாக்ஸி டிரைவர், குட்ஃபெல்லாஸ் என்று அடுக்குகிறவர்கள் 1985-ல் வந்த ‘ஆஃப்டர் அவர்ஸ்’ பக்கம் அவ்வளவாக வருவதில்லை. இத்தனைக்கும் மறுவருஷம் கான் விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருது வாங்கித் தந்த படம். (முடிவையும் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாங்க.)

பால் ஹாக்கெட் நியூயார்க் ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் தனிக்கட்டை. காபிக் கடையில் பேச்சுக் கொடுத்த மார்சியைத் தேடி ராத்திரியில் சோஹோவுக்கு டாக்ஸி பிடிக்கிறான். கையிலிருந்த 20 டாலர் நோட்டு ஜன்னல் வழியே பறந்துவிடுகிறது. மிச்சம் 97 சென்ட். சப்வேக்குப் போனால், நள்ளிரவோடு டிக்கெட் ஒன்றரை டாலர் ஆகிவிட்டதாம். விடிகிறவரை வீடு போய்ச் சேர வழியில்லை.

‘பாவம், துரதிர்ஷ்டம் பிடிச்சவன்’ என்றுதான் பலரும் இந்தப் படத்தைச் சொல்வார்கள். கூடவே காஃப்கா. கிளப் வாசல் காவலாளியின் பேச்சு காஃப்காவிடமிருந்தே எடுத்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் துரதிர்ஷ்டம் என்று எனக்குப் படவில்லை.

முதல் காட்சியைக் கவனியுங்க. பால் புதுசாகச் சேர்ந்த பையனுக்கு வேலை கற்றுக் கொடுக்கிறான். அந்தப் பையன், தான் காலமெல்லாம் இதே வேலையில் இருக்கப் போவதில்லை, பத்திரிகை தொடங்க வேண்டும் என்று மனசுவிட்டுச் சொல்கிறான். பாலின் கண் அங்கே இங்கே அலைகிறது. பையன் பேசி முடிக்கும் முன்பே எழுந்து போய்விடுகிறான். படம் முழுக்க அவன் செய்வது இதைத்தான்.

மார்சி தன் வாழ்க்கையின் மோசமான விஷயங்களைச் சொல்லச் சொல்ல, அவன் வேறு கணக்கில் இருக்கிறான். அவள் அறையில் தீக்காய மருந்தைப் பார்த்ததும் உடம்பில் தழும்பு இருக்குமோ என்று பயம். நைசாக நழுவிவிடுகிறான். பிறகு மன்னிப்புக் கேட்கத் திரும்பி வந்தால் அவள் செத்துக் கிடக்கிறாள். அப்போதும் போர்வையை விலக்கித் தழும்பைத் தேடுகிறான். இல்லை. போலீசுக்குச் சொல்லிவிட்டு, ‘பிணம் இந்தப் பக்கம்’ என்று அம்புக்குறி போட்டு ஒட்டிவைத்துக் கிளம்புகிறான். அந்த அம்புக்குறிக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துதான் எதற்குச் சிரித்தோம் என்று கூசியது.

நடுராத்திரிக்கு மேல் நிலைமை தலைகீழ். தன் கதையைக் கேட்க ஆள் கிடைக்காமல், தெருவில் பார்த்த ஒருவனிடம் மூச்சுவிடாமல் கொட்டுகிறான். அந்த ஆள் வந்ததோ வேறு எதற்கோ.

குறையும் இருக்கிறது. பால் சந்திக்கும் பெண்கள் ஏறக்குறைய எல்லோருமே கொஞ்சம் மனம் பிசகினவர்கள்போல வருகிறார்கள். அது பாலின் பார்வையா, படத்தின் பார்வையா என்பதைப் படம் தெளிவாக வைக்கவில்லை. சில இடங்களில் படத்தின் பார்வைதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் வரும் கட்டம் மட்டும் வேறு. திருடன் என்று கும்பல் துரத்த, காலி கிளப்பில் தனியாக உட்கார்ந்திருக்கும் நடுவயசுக்காரி அவள். கடைசிக் காசைப் பாட்டுப் பெட்டியில் போட்டு ஆடக் கூப்பிடுகிறான். ஒளிய இடம் வேண்டும் என்பதும் உண்டு, ஆனால் அன்று ராத்திரி ஒருத்தரை அவன் முழுசாகப் பார்ப்பது அப்போதுதான். அவள் அவனைக் காகிதக் கூழால் மூடிச் சிலையாக்கி மறைக்கிறாள். கும்பல் போன பிறகும் உடைத்துவிட மறுக்கிறாள். நிஜத் திருடர்கள் வந்து சிலையைத் தூக்கிப் போக, வேனிலிருந்து உருண்டு விழுகிறான். விழுந்த இடம் அவன் ஆபீஸ் வாசல்.

உள்ளே போய்த் தன் இடத்தில் உட்காருகிறான். கம்ப்யூட்டர் அவன் பெயர் சொல்லிக் காலை வணக்கம் வைக்கிறது. சட்டையெல்லாம் இன்னும் தூசி.