ஈயச் சொம்பு ரசம்

எங்கள் வீட்டில் ரசத்துக்கென்றே ஒரு சொம்பு உண்டு. பாட்டி காலத்து ஈயச் சொம்பு. வேறு எதற்கும் அது அடுப்பேறாது.

ஈயம் என்றால் இங்கே வெள்ளீயம். காரீயம் நஞ்சு, அது கலக்காததாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது. முதலில் புளிக்கரைசலை ஊற்றிவிட்டு, பிறகுதான் தீயைப் பற்றவைக்க வேண்டும். உள்ளே இருக்கும் நீர்தான் சொம்பைக் காப்பாற்றுகிறது. தீயும் அடிப்பாகத்தைத் தாண்டி நாக்கு நீட்டக் கூடாது.

அந்தக் கவனம்தான் ருசியாக இறங்குகிறது என்று நான் நம்புகிறேன். தக்காளியும் பெருங்காயமும் சேர்த்து, புளியின் பச்சை வாசனை போகக் கொதித்ததும், பருப்புத் தண்ணீரை விட்டு விளாவ வேண்டும். மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டால் அப்புறம் அங்கே இங்கே நகரக் கூடாது. விளிம்பெல்லாம் மஞ்சள் நுரை கட்டி எழும்பும் நொடியில் இறக்கிவிட வேண்டும். மேலும் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். நெய்யில் கடுகு தாளிப்பது தனியாக, இரும்புக் கரண்டியில்.

ஞாயிறு மதியம் அம்மா கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடுவாள். திண்ணையில் புத்தகத்தோடு இருக்கும் அப்பா கூப்பிடாமலே எழுந்து வருவார். முதல் கரண்டி சோற்றுக்கு. அடுத்தது உள்ளங்கையைக் குவித்துக் குடிக்க. கை கழுவிய பின்னும் விரல்களில் மிளகு மணக்கும்.