ஓசுவின் ‘டோக்கியோ கதை’: உறவுச்சொல்லும் மரியாதை வழக்கும் மொழிபெயர்ப்பும்

யசுஜிரோ ஓசு (1903–1963) இயக்கிய ‘டோக்கியோ கதை’ 1953ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்படம் குறித்து இதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி தரையை ஒட்டித் தாழ்வாக வைக்கப்பட்ட கேமராவையும், காட்சிகளுக்கிடையே வரும் ஆளற்ற இடங்களையும், நடிப்பின் அடக்கத்தையும் பற்றியது. உரையாடல் பற்றிய ஆய்வு அருகியே காணப்படுகிறது. ஜப்பானுக்கு வெளியே படத்தைப் பாராட்டியவர்களில் பலர் அதனைத் துணைத்தலைப்பின் வழியாகவே அறிந்தவர்கள் என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். 2012இல் பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் திரைப்பட இயக்குநர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் இப்படம் முதலிடம் பெற்றது. வாக்களித்தோருள் ஜப்பானிய மொழி அறிந்தோர் எத்தனை பேர் என்ற வினா எழுவது இயல்பே.

ஓசுவும் கோகோ நோதாவும் சேர்ந்து எழுதிய உரையாடலில் சில இடங்களை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இணையவழித் திரைச்சேவைகளின் பெருக்கத்தால் தமிழிலும் துணைத்தலைப்பு ஆக்கம் இன்று ஒரு தொழிலாகிவிட்டது. மூலமொழி எதுவாயினும் ஆங்கில வரிகளையே அடிப்படையாகக் கொண்டு பிறமொழி வரிகளை ஆக்கும் வழக்கம் அத்தொழிலில் வேரூன்றியுள்ளது. ஜப்பானியப் படங்களைப் பொறுத்தவரை இது தமிழுக்கு இரட்டை இழப்பு. தன்னிடம் இடமில்லாமையால் ஆங்கிலம் விட்டுவிட்டவற்றைத் தன்னிடம் இடமிருந்தும் தமிழ் விட்டுவிடுகிறது என்பதே என் வாதம்.

கதை சிறியது. ஹிரோஷிமா பகுதியைச் சேர்ந்த ஓனோமிச்சி என்னும் கடலோர ஊரிலிருந்து ஷுகிச்சி ஹிராயாமாவும் அவர் மனைவி தோமியும் டோக்கியோவில் வாழும் பிள்ளைகளைக் காண வருகின்றனர். மூத்த மகன் கொய்ச்சி மருத்துவர். மகள் ஷிகே அழகுநிலையம் நடத்துபவள். இருவருக்கும் பெற்றோருடன் கழிக்க நேரமில்லை. செலவைப் பங்கிட்டுக்கொண்டு அவர்களை அதாமி வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவிடுகின்றனர். போரில் மறைந்த மகன் ஷோஜியின் மனைவி நோரிகோ மட்டும் அலுவலகத்தில் விடுப்புப் பெற்று அவர்களுக்கு நகரைச் சுற்றிக் காட்டுகிறாள். ஊர் திரும்பிய சில நாட்களில் தோமி இறக்கிறாள். இழவுக்குப் பின் பிள்ளைகள் விரைந்து புறப்பட்டுவிட, நோரிகோ மட்டும் மேலும் சில நாட்கள் தங்குகிறாள்.

முதலில் அழகுநிலையக் காட்சியை நோக்கலாம். வந்திருக்கும் முதியவர்கள் யார் என்று வாடிக்கையாளப் பெண்மணி கேட்க, ஷிகே அவர்களை ஊரிலிருந்து வந்த ‘ஷிரியாய் நோ மோனோ’ என்கிறாள். ‘ஷிரியாய்’ அறிமுகமானவரைக் குறிக்கும். ‘மோனோ’ என்பது ஆளைக் குறிக்கும் தாழ்வுச்சொல். ஜப்பானிய மரியாதை வழக்கு சார்புடையது. பேசப்படுபவர் தன்னைச் சேர்ந்தவரா, கேட்பவரைச் சேர்ந்தவரா என்பதைப் பொறுத்து அது மாறும். வெளியாரிடம் பேசும்போது தன் தந்தையையும் தன் நிறுவனத் தலைவரையும்கூடத் தாழ்த்தியே கூறவேண்டும். தமிழ் மரியாதை வழக்கு அத்தகையதன்று. தந்தையிடம் பேசினும், தந்தையைப் பற்றி அயலாரிடம் பேசினும் ‘அப்பா வருவார்’ என்பதே நம் முறை. தமிழில் மரியாதை பேசப்படுபவரோடு ஒட்டியது. ஜப்பானியத்தில் அது பேச்சுச் சூழலோடு ஒட்டியது.

இந்நோக்கில் ஷிகேயின் விடையில் இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. தன்னவரை அயலாரிடம் தாழ்த்திக் கூறுதல் என்னும் நற்பண்பின் வடிவத்தை ‘மோனோ’ காக்கிறது. ‘ஷிரியாய்’ அவர்களைத் தன்னவர் அல்லாதவராக்கிவிடுகிறது. பணிவின் மறைவில் உறவு அறுபடுகிறது. படத்தில் இதைவிடக் கொடிய சொல் வேறில்லை என்பேன். அது மிக இயல்பான குரலில் கூறப்படுகிறது. தமிழில் ‘தெரிஞ்சவங்க’ என்று எழுதினால் நம் மரியாதை விகுதி அதில் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். தாழ்வுச்சொல்லின் நெடி போய்விடும். ‘தெரிஞ்ச ஆளுங்க’ என்பது நெருங்கி வருகிறது. ‘ஆள்’ என்னும் சொல்லில் நாம் வைத்திருக்கும் சிறு இளக்காரம் இங்கே பயன்படும். வந்திருப்போர் இருவர் என்பதால் வினைமுற்றின் பன்மை மரியாதைப் பன்மையா, எண்ணுப் பன்மையா என்ற ஐயமும் எழாது. மொழிபெயர்ப்பாளருக்கு வாய்த்த நற்பேறு அது.

அடுத்து விளி. தாய்தந்தையரைப் பெற்ற பிள்ளைகள் ‘ஒகாசான்’, ‘ஒதோசான்’ என விளிக்க, நோரிகோ ‘ஒகாசாமா’, ‘ஒதோசாமா’ என்கிறாள். ‘சான்’ என்பதினும் ‘சாமா’ உயர்ந்தது. உயர்ந்தது எனவே தொலைவும் உடையது. ஆங்கில வரிகளில் எல்லாரும் ஒரே வகையாகவே அழைக்கின்றனர், அல்லது விளியே விடப்படுகிறது. நோரிகோவின் அன்பைப் போற்றும் பார்வையாளர், அவ்வன்பு ஒவ்வொரு விளியிலும் ஓர் அடி விலகி நின்றே பேசுகிறது என்பதை அறிய வழியில்லை.

தமிழில் இதற்கு என் செய்வது? மருமகள் என்றவுடன் ‘மாமா’, ‘அத்தை’ என்ற சொற்கள் நம் நாவில் வந்து நிற்கும். அவை நம் குடும்பத்துக்கு இயல்பானவை; இப்படத்துக்கு ஊறு செய்பவை. இறுதியில் ஷுகிச்சி நோரிகோவிடம், தாம் வளர்த்த பிள்ளைகளைவிடச் சொல்லப்போனால் ‘தானின்’ ஆன அவளே தங்களுக்கு மிகுதியாகச் செய்தாள் என்னும் கருத்துப்படப் பேசுகிறார். ‘தானின்’ என்பதற்குப் ‘பிறத்தியார்’ என்ற தமிழ்ச்சொல் அளந்து வைத்தாற்போல் பொருந்தும். படம் முழுவதும் ‘அப்பா’ என்று அழைத்துவந்தவளை நோக்கி அச்சொல் கூறப்படும்போதுதான் அதன் கனம் தெரியும். தொடக்கத்திலிருந்தே ‘மாமா’ என்று அழைத்திருப்பாளாயின், அவள் பெற்ற மகள் அல்லள் என்பது ஒவ்வொரு விளியிலும் முன்னரே சொல்லப்பட்டுவிடும். பிறத்தியார் என்ற சொல் புதிதாக எதையும் வெளிப்படுத்தாது.

ஆகவே ‘அப்பா’, ‘அம்மா’ என்பவற்றையே நிறுத்திக்கொண்டு, ‘சான்–சாமா’ வேற்றுமையை முன்னிலைப் பெயரில் காட்டலாம் எனக் கருதுகிறேன். தமிழ்ப் பேச்சில் தாயை ‘நீ’ என்று கூறும் மகளும் உண்டு, ‘நீங்க’ என்று கூறுபவளும் உண்டு. ஷிகே தாயிடம் ‘நீ வாம்மா’ என்க, நோரிகோ ‘நீங்க வாங்கம்மா’ என்றால் விளிச்சொல் ஒன்றாகவே இருந்தும் இடைவெளி புலப்படும். ஒருவரைப் பன்மையால் கூறுதல் வழக்கினால் வந்த உயர்சொல்லேயன்றி இலக்கண நெறியால் வந்ததன்று எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பிரித்துக் காட்டியிருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வழக்கு என்பதனாலேயே அது குடும்பத்துக்குக் குடும்பம், ஆளுக்கு ஆள் வேறுபடும் நெகிழ்ச்சி பெற்றுள்ளது. அந்நெகிழ்ச்சி மொழிபெயர்ப்பாளரின் கைம்முதல்.

இனிப் படத்தின் உச்சத்துக்கு வருவோம். நோரிகோ டோக்கியோ திரும்பும் நாள். ஷுகிச்சி அவளை மறுமணம் செய்துகொள்ளச் சொல்கிறார். தோமியும் அவளைப் பெரிதும் புகழ்ந்ததாகக் கூறுகிறார். நோரிகோ அப்புகழை மறுக்கிறாள். கணவனையே எப்போதும் எண்ணிக்கொண்டிருப்பவள் அல்லள் தான். நினைவு வராத நாட்களும் உண்டு. எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறது தன் மனம். இவ்வாறு கூறுபவள் தன்னைக் குறித்துப் பயன்படுத்தும் சொல் ‘ஸுருயி’. பரவலாக வழங்கும் ஆங்கில வரிகள் அதனைத் ‘தன்னலம்’ எனப் பொருள்படும் சொல்லால் பெயர்க்கின்றன. அங்கிருந்து தமிழுக்கு வருபவர் ‘நான் சுயநலக்காரி’ என்றே எழுதுவார், வேறு வழியில்லை.

‘ஸுருயி’ என்பது தன்னலம் அன்று. விளையாட்டில் ஏமாற்றும் குழந்தையைப் பிற குழந்தைகள் ‘ஸுருயி’ என்று கூவும். நம் பிள்ளைகள் ‘அழுகுணி ஆட்டம்’, ‘கள்ளாட்டம்’ என்பார்களே, அந்த இடம். நேர்மையாகத் தனக்குச் சேராத ஒன்றைச் சாதுரியமாகப் பெற்றுக்கொள்வது அதன் உட்கருத்து. நோரிகோ பெற்றுக்கொண்டது நல்ல மருமகள் என்னும் பெயரை. அப்பெயர் தனக்கு உரியதன்று என அறிந்தும் மாமியாரிடம் உண்மையைக் கூறாமல் அவள் வாய்மூடியிருந்தாள். அதனையே அவள் அடுத்துக் கூறுகிறாள், ‘மோஷியாகெரு’ என்னும் பணிவு வினையைக் கையாண்டு. அவள் ஒப்புக்கொள்ளும் குற்றம் ஒளித்தல். தன்னலம் என்று பெயர்த்தால் இளம் விதவை ஒருத்தி தன் வாழ்வைத் தான் விரும்புவதற்காக வருந்துவதாக ஆகும். அது வேறொரு படம். எளிமையான, சற்று மலிவான படம்.

‘ஸுருயி’க்கு ஷுகிச்சி தரும் விடை இன்னும் நுட்பமானது. அவர் அதே சொல்லைத் தம் ஊர் வழக்கில் ‘ஸுரூ’ என எடுத்து மறுக்கிறார். பின்பு அவள் நல்லவள் என்கிறார். ‘ஷோஜிகி’ உடையவள் என்கிறார். ‘ஷோஜிகி’ என்பது உள்ளத்தில் உள்ளதை அப்படியே கூறும் நேர்மை, ‘ஸுருயி’க்கு நேர்மறுதலை. ஒளித்தேன் என்று ஒருத்தி கூறுவதே அவள் ஒளியாதவள் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. இரு சொற்களும் எதிரெதிர் நின்றால்தான் இவ்விடை விடையாகும். ‘தன்னலக்காரி’ என்றவளுக்கு ‘நேர்மையானவள்’ என்று மறுமொழி கூறினால், முதியவர் வேறு எதையோ பேசுவதுபோல் தோன்றும். ஆங்கில வரிகளோடு பார்ப்போர்க்கு அவ்விடத்தில் ஒரு தட்டுத்தடங்கல் உணரப்படும். முதுமையின் பெருந்தன்மை என்று அதனை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம்.

இவ்வெதிர்மை தமிழில் ஆயத்தமாகவே இருக்கிறது. கள்ளம், கள்ளமின்மை. ‘என்கிட்ட கள்ளம் இருக்குப்பா’ என்று அவள் கூற, ‘நீ கள்ளமில்லாதவம்மா’ என்று அவர் கூறலாம். இளையவளை ‘அம்மா’ சேர்த்து விளிக்கும் நம் வழக்கு, ஷுகிச்சி பயன்படுத்தும் ‘அந்தா’ என்ற முன்னிலைப் பெயரின் நெருக்கத்தையும் ஏற்றுக்கொள்கிறது. ‘கள்ளி’ என்ற சொல்லை நான் தவிர்ப்பேன். அதில் கொஞ்சல் மிகுதி.

தமிழ்–ஜப்பானிய ஒப்பீடு என்றதும் சுசுமு ஓனோவின் (1919–2008) பெயர் நம்மவர்க்கு நினைவு வரும். அவர் முன்வைத்த தொன்மையுறவுக் கொள்கையை வரலாற்று மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இங்கு பேசப்படுவது அமைப்பு ஒப்புமை மட்டுமே. அதற்கு இனவுறவு தேவையில்லை. இரு மொழியிலும் பயனிலை இறுதியில் நிற்கிறது. ஓசு பெரும்பாலும் பேச்சு முடியுமட்டும் பேசுபவரின் முகத்தைக் காட்டிப் பின்னரே வெட்டுகிறார். ஆகவே தொடரின் இறுதிச்சொல்லும் முகத்தின் இறுதி அசைவும் சேர்ந்து வருகின்றன. ஆங்கிலம் முடிவை முன்னரே கூறிவிடும். தமிழ் வரிகள் காத்திருக்க இயலும்.

ஆயின் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. ஜப்பானிய வினைமுற்று பால், எண், இடம் காட்டாது. தமிழ் வினைமுற்று காட்டியே தீரும். நோரிகோ மறைந்த கணவனை ‘ஷோஜி-சான்’ என்கிறாள். தந்தை ‘ஷோஜி’ என்கிறார். தமிழில் அவள் ‘அவர்’ என்பதும் இவர் ‘அவன்’ என்பதும் எளிது, அழகும்கூட. கணவன் பெயரைக் கூறாத பழைய வழக்கும் அதனோடு இசையும். இருப்பினும் இறந்தவன் பெயரை அவள் வாயால் கூறுகிறாள் என்பதை நான் இழக்க விரும்பவில்லை. ஒருமுறையேனும் ‘ஷோஜி’ என்று கூறி, வினைமுற்றில் ‘ஆர்’ விகுதி தரலாம். நம் பார்வையாளர்க்கு அது சற்று உறுத்தும். உறுத்தட்டும், அவள் ஜப்பானியப் பெண்.

வட்டார வழக்குப் பற்றியும் கூறவேண்டும். முதியவர் இருவரும் ஓனோமிச்சி வழக்கில் பேசுகின்றனர். டோக்கியோவில் வாழும் பிள்ளைகள் பேசுவது தலைநகர் மொழி. பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான தொலைவு கதையில் புலப்படுமுன் ஒலியில் புலப்படுகிறது. இதனைத் தமிழாக்க முதியவர்களை நெல்லை வழக்கில் பேசவைக்கலாமா? கூடாது என்பது என் துணிபு. அவ்வாறு செய்தால் ஓனோமிச்சி மறைந்து திருநெல்வேலி வந்து நிற்கும், சிரிப்பும் வரும். மற்றோர் இடரும் உண்டு. கதைமாந்தரின் வகையைக் காட்டுதற்கென அமைந்த வழக்குகளை சதோஷி கின்சுயி 2003இல் வெளியிட்ட நூலில் ‘யாகுவாரிகோ’ எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். கதைகளில் முதியோர்க்குரிய பேச்சாக நிலைத்துவிட்ட மொழி மேற்கு ஜப்பானிய வழக்கிலிருந்து கிளைத்தது என்பது அவர் முடிபு. ஓனோமிச்சியும் மேற்கே உள்ளதுதான். இன்றைய ஜப்பானிய இளைஞருக்கே ஷுகிச்சியின் பேச்சு ஊர்மொழியாகவும் கதைக்கிழவர் மொழியாகவும் ஒருங்கே ஒலிக்கக்கூடும். 1983–84இல் 297 பகுதிகளாக ஒளிபரப்பான ‘ஒஷின்’ தொடரின் யாமாகாதா வழக்குக்கு மொழிமாற்றங்களில் நேர்ந்த கதியும் இதுவே. முதியவர்க்குப் பொதுவான பேச்சுத்தமிழும், பிள்ளைகளுக்குச் சற்றே பள்ளிக்கூட வாடை வீசும் நகரத்தமிழும் தருவது இயன்ற அளவு. அதற்குமேல் குரல் பார்த்துக்கொள்ளும்.

கடைக்குட்டி கியோகோவும் நோரிகோவும் பேசும் புகழ்பெற்ற இடத்தைச் சுருக்கமாகத் தொடுகிறேன். தமக்கையின் நடத்தையால் வெகுண்ட கியோகோ ‘யோ நோ நாகா’, ‘இயா’ என்னும் இரு சொற்களால் ஒரு வினா எழுப்புகிறாள். ஆங்கிலம் முன்னதை வாழ்க்கை என்றும் பின்னதை ஏமாற்றம் என்றும் ஆக்கிற்று. முன்னது உலகம், அதாவது உலகத்தார் நடப்பு. பின்னது பிடிக்காமை, வெறுப்பு; உணவைத் தள்ளிவிடும் குழந்தை கூறும் சொல். கியோகோ மெய்யியல் பேசவில்லை. தன் உடன்பிறந்தாரை வெறுத்துப் பேசுகிறாள். நோரிகோ புன்னகையோடு அதற்கு உடன்படுகிறாள் என்பதில்தான் அச்சம் இருக்கிறது.

இறுதிக்காட்சியில் ஷுகிச்சி தனியே அமர்ந்திருக்கிறார். சாளரத்தோரம் வந்த அண்டைவீட்டுப் பெண்ணிடம் தனிமையில் பகல் நீளும் என்கிறார். ‘நீண்ட’ என்பதற்கு அவர் கையாளும் வடிவம் ‘நாகோ’. முன்பு ‘ஸுரூ’ என்றபோது வந்த அதே மேற்கத்திய ஈறு. அயலாரிடம் பேசுவதால் பணிவு விகுதியும் உடன் வருகிறது. தமிழில் எழுத அமர்ந்தால் ‘பொழுது போகாது’ என்றே கை எழுதும், அவ்வளவு பழகிய தொடர் அது. ஆனால் அவர் கூறுவது சலிப்பைப் பற்றி அன்று. பொழுது போகத்தான் போகிறது. நீண்டு போகும் என்கிறார்.