குறை கேட்கும் கருவி எது?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பற்சக்கரம் கடையும் பட்டறை ஒன்றுக்கு, விற்ற சரக்கு திரும்பி வருகிறது என்று கொள்வோம். உடன் வந்த சீட்டில் ‘சரியில்லை’ என்று மட்டும் இருந்தால் பட்டறைக்காரர் என்ன செய்வார்? எந்த எந்திரம், எந்த நாள், எத்தனை மில்லிமீட்டர் பிழை என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். கைப்பேசிச் செயலிகளின் நிலையும் இதுவே. பயன்படுத்துவோரின் குறைகளைக் கேட்க மூவகைக் கருவிகள் உள்ளன. அவற்றை எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலாவது, செயலிக் கடையின் விமர்சனப் பகுதி. செலவில்லாதது, எல்லோரும் காணக்கூடியது. ஆனால் கூகுள் ப்ளே கடையில் செயலியாளரின் பதில் 350 குறிகளுக்குள் அடங்க வேண்டும். முறையிடுபவர் தம் தொலைபேசி எண்ணையோ பணம் கட்டிய விவரத்தையோ அங்கே எழுதவும் முடியாது, ஊரே படிக்கும். பழுது பார்க்க இந்த இடம் போதாது.

இரண்டாவது, ‘டிக்கெட்’ முறை. 2010இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஃபிரெஷ்டெஸ்க் இதில் பெயர் பெற்றது. மின்னஞ்சலில் வந்தாலும் தொலைபேசியில் வந்தாலும் ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஓர் எண். அதற்கு ஒரு பொறுப்பாளர். எதுவும் காணாமற் போகாது. எனினும் செயலியை விட்டு வெளியேறி, தம் கைப்பேசியின் விவரங்களையெல்லாம் பயனரே எழுத வேண்டும். பலரும் பாதியில் விட்டுவிடுவர்.

மூன்றாவது, செயலிக்குள்ளேயே அமையும் உரையாடற் பெட்டி. சென்னையின் கோனோட்டர் நிறுவனம் இதைத்தான் செய்தது. 2015இல் ஃபிரெஷ்டெஸ்க் அதனை வாங்கியது. செயலியோடு பிணைக்கப்படும் சிறு மென்பொருள், கைப்பேசியின் வகை, செயலியின் பதிப்பு முதலியவற்றைத் தானே சேர்த்து அனுப்பும். பதிலும் அதே இடத்துக்கு வரும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ரயில்வேயின் யு.டி.எஸ். செயலி, தண்டவாளத்துக்கு மிக அருகில் நிற்பவருக்குச் சீட்டு தராதபடி அமைக்கப்பட்டது. பரிசோதகரைக் கண்டபின் சீட்டு எடுப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஆவடி நடைமேடையில் நின்றுகொண்டு ‘சீட்டு வரவில்லை’ என்றால் அது பழுதன்று, விதி. நிலையத்துக்கு வெளியே நின்று அதையே சொன்னால், செயற்கைக்கோள் இடங்காட்டி சில மீட்டர் பிசகியிருக்கலாம். சொற்கள் ஒன்றே, காரணங்கள் வேறு. நின்ற இடம் தெரியாமல் இவற்றைப் பிரித்தறிய இயலாது.

ஆனால் மூன்றாம் வகைக்கும் குறையுண்டு. செயலியே திறக்காவிட்டால் முறையிடும் வாயிலும் அடைபடும். இருப்பிடத்தைப் பயனரின் இசைவின்றி எடுப்பதும் முறையன்று. ஆகவே உள்ளே உரையாடற் பெட்டி, பின்னால் எண்ணிடும் டிக்கெட் முறை, வெளியே தமிழில் பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண் ஆகிய மூன்றும் இணைந்த ஏற்பாட்டையே சிறந்ததெனக் கொள்வோம். தமிழில் எழுதிய குறைக்குத் தமிழில் விடை தர ஆளில்லையேல், விலையுயர்ந்த கருவியும் வெறும் உண்டியலே.

வாசகர்களே, அடுத்த முறை நீங்கள் முறையிடும்போது கைப்பேசியின் வகை, செயலியின் பதிப்பு, இடம், நேரம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். கருவி செய்யத் தவறிய வேலையில் பாதி முடிந்துவிடும்.