அணங்கிலிருந்து அரசுக்கு: இன்றைய கலையில் அச்சம்

1945 ஏப்ரலில் லண்டனின் லெஃபவ்ர் காலரியில் ஃபிரான்சிஸ் பேக்கனின் மூன்று பலகை ஓவியம் ஒன்று காட்சிக்கு வந்தது. சிலுவையடியில் அழுதுகொண்டிருக்க வேண்டியவர்களின் இடத்தில், செம்மஞ்சள் பின்னணியில், நீண்ட கழுத்தும் பிளந்த வாயுமாக மனிதரும் அல்லாத விலங்கும் அல்லாத மூன்று உருவங்கள். அதே மாதத்தில் பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்டது. அங்கே குவிந்து கிடந்த பிணங்களின் புகைப்படங்கள் உலகெங்கும் பரவின. கொடூரத்தைக் காட்டும் வேலையைக் கேமரா எடுத்துக்கொண்ட பின் ஓவியருக்கும் சிற்பிக்கும் என்ன மிச்சம்? இன்றுவரை அச்சத்தைக் கையாளும் கலைஞர் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்குத் தம் வழியில் விடை தேடியிருக்கிறார்கள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு என்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வமும் பேயும்), விலங்கு, கள்வர், இறை (அரசன்). இன்றைய கலையை அளக்கவும் இந்தப் பகுப்பு பெரிதும் உதவுகிறது. அணங்கையும் விலங்கையும் வரைபவர்களுக்கே ரசிகர்கள் அதிகம். போலந்தின் பெக்ஷின்ஸ்கி, எலும்பும் சிதைந்த தேவாலயமும் மூட்டமான வானமுமாக வரைந்த தம் ஓவியங்களுக்குத் தலைப்பே வைத்ததில்லை. அவற்றுக்குப் பொருள் சொல்வதும் அவருக்குப் பிடிக்காது. சுவிட்சர்லாந்தின் எச்.ஆர். கீகர் 1976இல் வரைந்த ஓர் உருவம்தான் 1979இல் ‘ஏலியன்’ படத்தின் வேற்றுக்கோள் விலங்காக வளர்ந்தது. இருவரின் கைத்திறனும் அசாத்தியமானது. ஆனால் அந்த அச்சத்தில் ஒரு சுகம் இருக்கிறது. பார்ப்பவரிடம் அது எதையும் கேட்பதில்லை. விலங்கச்சத்தைத் தலைகீழாக்கியவர் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா. 1999இல் அவர் செய்த, ஒன்பது மீட்டருக்கும் மேல் உயரமான சிலந்தியின் பெயர் ‘அம்மா’. பழைய திரைச்சீலைச் சித்திரங்களுக்கு இழை கோத்துச் செப்பனிட்ட தன் தாயின் நினைவுக்காக அதைச் செய்தார்.

கள்வரும் இறையும் தரும் அச்சம் வேறு வகை. கொள்ளைக்கூட்டமும் அரசும் மனிதரைக் கொல்லும்போது கலை என்ன செய்யும்? நம் பரணி இலக்கியத்தில் பேய்கள் பிணக்களத்தில் கூழ் அடுவது வென்ற மன்னனின் புகழுக்காக. நெப்போலியன் படைகள் ஸ்பெயினில் புகுந்த காலத்தைச் செதுக்கிய ஓவியர் கோயாவின் போர்ப் படங்களில் பிணங்கள் யார் புகழையும் பாடவில்லை. அவர் 1828இல் இறந்தார். அந்தத் தொகுதி வெளிவந்தது 1863இல். அதில் 39ஆவது படம், மரத்தில் கட்டித் தொங்கவிட்ட, துண்டுபட்ட மூன்று உடல்கள். பிரிட்டனின் ஜேக், தினோஸ் சாப்மன் சகோதரர்கள் 1994இல் அதே காட்சியை ஆளுயரப் பொம்மைகளாகச் செய்தார்கள். பிறகு ‘நரகம்’ என்ற பெயரில் ஒன்பது கண்ணாடிப் பெட்டிகளை ஸ்வஸ்திக வடிவில் அடுக்கி, ஆயிரக்கணக்கான குட்டி நாஜிப் பொம்மைகளின் படுகொலைக் காட்சியை அமைத்தார்கள். 2004இல் லண்டன் கிடங்குத் தீயில் அது எரிந்துபோக, 2008இல் இன்னும் பெரிதாகத் திரும்பச் செய்தார்கள். உழைப்பை மறுக்க முடியாது. ஆனாலும் கோயாவின் சிறு தாளில் இருந்த அவமானம் அந்தப் பொம்மைகளில் இல்லை. அளவு கூடக் கூட, பார்ப்பவரின் கண் பிணத்தை விட்டுவிட்டு வேலைப்பாட்டை ரசிக்கத் தொடங்குகிறது.

உடலை மறைத்தவர்களே இந்த இடத்தைக் கடந்தார்கள் என்பது என் துணிபு. கொலம்பியாவின் டோரிஸ் சால்செடோ, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் தந்த காலணிகளைச் சுவர்க்குழிகளில் வைத்து, விலங்கின் மெல்லிய சவ்வை மேலே இழுத்துக் கட்டி, அறுவைச் சிகிச்சை நூலால் தைத்தார். சவ்வுக்குப் பின்னால் காலணி மங்கலாகத்தான் தெரியும். 1985 நவம்பர் 6, 7 நாள்களில் பொகோட்டாவின் நீதி மாளிகையைக் கெரில்லாக்கள் கைப்பற்ற, ராணுவம் டாங்கிகளோடு உள்ளே புகுந்தது. நீதிபதிகள் உட்படச் சுமார் நூறு பேர் மாண்டார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து, அதே நாள்களில், சால்செடோ அந்தக் கட்டடத்தின் புதிய முகப்பில் வெற்று நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கீழிறக்கினார். 53 மணி நேரம் அது நடந்தது. தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எதற்கென்று யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம்மவரிலும் இந்த வழியில் நடந்தவர் உண்டு. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முடிவுறாத தோம்பு’ (தோம்பு: பழைய காணிப் பதிவேடு) என்ற நூலில், போரால் இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தந்திருக்கிறார்கள். குண்டும் குருதியும் காட்டாமலே அந்தக் கோணல் கோடுகள் போரைச் சொல்லிவிடுகின்றன.

இவர்கள் எல்லோரையும்விடக் கடினமானவர் மெக்சிகோவின் தெரேசா மார்கோயெஸ். தடயவியல் படித்து, பிணவறையையே பட்டறையாகக் கொண்டவர். 2003இல் ‘காற்றில்’ என்ற படைப்பில் கூடம் நிறையச் சோப்புக் குமிழிகளை மிதக்கவிட்டார். பிணவறையில் சடலங்களைக் கழுவிய நீரைக் கிருமிநீக்கம் செய்து ஊதிய குமிழிகள் அவை. அதை அறிந்த நொடியில், ஏந்த நீட்டிய கை சட்டென்று பின்வாங்குகிறது. 2009 வெனிஸ் பியனாலேயில், பழைய மாளிகை ஒன்றின் தரையை, மெக்சிகோவில் கொலை நடந்த இடங்களில் துணியால் ஒற்றி எடுத்த குருதி கலந்த நீரால் நாள்தோறும் துடைக்க வைத்தார். அறைகள் ஏறக்குறைய வெறுமை. வந்தவர்கள் அந்தத் தரையில்தான் நடந்தாக வேண்டும்.

இறந்தவரை இப்படிப் பயன்படுத்த இவருக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களை நான் ஒதுக்க மாட்டேன். 2000இல் போதைப்பழக்கத்துக்கு ஆளாகிக் கொலையுண்ட ஓர் இளைஞனின், வளையம் குத்திய நாக்கை அவர் காட்சிக்கு வைத்தார். அடக்கச் செலவுக்கு வழியில்லாத குடும்பத்துக்கு அதற்கு ஈடாக உதவி செய்தார். சம்மதம் இருந்தது, அந்தச் சம்மதத்தை வாங்கித் தந்தது வறுமை. அந்த நாக்கின் முன் நிற்பவர் இன்னும் வெறும் பார்வையாளர்தான். வெனிஸில் எந்த ஒரு சடலமும் தனியே காட்சிப்பொருளாகவில்லை. பார்க்க வந்தவரின் செருப்பின் அடிப்பகுதிதான் ஈரமாயிற்று. இரண்டில் எது கலை என்று கேட்டால், தயங்காமல் வெனிஸ் தரையைச் சொல்வேன்.