மலையுச்சியும் சமையலறையும்

குண்டலகேசியைப் பதினான்கு ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். நடத்துவதற்கு அதிகமில்லை. நமக்குக் கிடைத்தவை 19 பாடல்கள். கதையை நீலகேசியின் உரையிலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டு யாக்கை நிலையாமை, பௌத்தம் என்று நகர்ந்துவிடுவது வழக்கம். தேர்விலும் அதைத்தான் கேட்போம். சென்ற ஆண்டு முதுகலை மாணவி ஒருத்தி எழுந்து, “அம்மா, புருஷனைக் கொன்னவளுக்கு ஏன் தண்டனையே இல்ல?” என்று கேட்டாள்.

கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வன் காளனைக் கண்டு பத்திரை காதல் கொள்கிறாள். தந்தை அவனை மீட்டு மகளுக்கு மணமுடிக்கிறார். பிறகொருநாள் ஊடலில் அவனுடைய பழைய தொழிலைச் சொல்லிக்காட்டிவிடுகிறாள். அதை மனதில் வைத்துக்கொண்டவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துப்போகிறான், தள்ளிக் கொல்ல. சாகுமுன் உன்னை மூன்றுமுறை வலம்வர வேண்டும் என்று கேட்கிறாள். கணவனை வலம்வருவது பத்தினிக்கு அழகல்லவா, சம்மதிக்கிறான். பின்புறம் வந்ததும் தள்ளிவிடுகிறாள்.

அவள் பின்னாளில் துறவியாவதற்கான முன்கதை என்ற அளவிலேயே இதை நாங்கள் படித்தோம், படிப்பித்தோம். மாணவியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் தண்டனைச் சட்டத்தைக் கையில் எடுத்தேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் சட்டத்தை எப்படிப் படிப்பாள்? பிரதியாகத்தான்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தற்காப்புரிமை 96 முதல் 106 வரையான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள். எண்கள் மாறின, வாசகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. தற்காப்புக்காக உயிரையே போக்கலாம் என்பது பழைய 100, புதிய 38. சாவு நேரும் என்ற நியாயமான அச்சம், கொடுங்காயம், வன்புணர்வு, கடத்தல் என்று நீளும் அந்தப் பட்டியலில் 2013இல் ஆசிட் வீச்சும் சேர்ந்தது. பத்திரை முதல் வரியிலேயே விடுதலையாகிவிடுவாள். வலம்வருவதாகச் சொன்ன தந்திரம்கூட அவளுக்கு எதிராக நிற்காது. எதிரே நின்று மல்லுக்கட்டித்தான் கொல்ல வேண்டும் என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை.

ஆனால் அதற்கு முந்தைய பிரிவு ஒன்று இருக்கிறது. பழைய 99, புதிய 37. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்கிறது. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் தற்காப்புரிமையே கிடையாது என்றும் சொல்கிறது. இந்த வாசகத்தை எழுதியவர்களின் கண்முன் இருந்த காட்சி எனக்குத் தெளிவாகவே தெரிகிறது: இருட்டுப் பாதை, கத்தியோடு ஓர் அந்நியன், சமபலமுள்ள இன்னோர் ஆண். மலையுச்சி இந்தக் காட்சிக்குப் பொருந்தும். பத்து வருடமாக ஒரே சமையலறையில் அடிவாங்குகிறவளுக்கு இது பொருந்தாது. அவளுக்கு அச்சம் ஒரு கணத்தில் வருவதல்ல. நேற்றைய அடிக்கும் நாளைய அடிக்கும் நடுவே அவளுக்கு நேரம் இருந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரம்தான் நீதிமன்றத்தில் அவளுக்கு எதிரான சாட்சி.

பட்டியலில் வன்புணர்வு இருக்கிறதே என்று ஆறுதல்படவும் வழியில்லை. மனைவிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் கணவனின் வன்புணர்வு வன்புணர்வே அல்ல என்ற விதிவிலக்கைப் புதிய சட்டமும் 63ஆம் பிரிவில் பத்திரமாக வைத்திருக்கிறது. ஆக, தெருவில் போகிறவனிடமிருந்து காத்துக்கொள்ள உள்ள உரிமை வீட்டில் இருப்பவனிடம் செல்லாது.

வகுப்பில் இதைச் சொன்னேன். அதே மாணவி வகுப்பு முடிந்து துறைக்கு வந்தாள். “எங்க வீட்டுலேர்ந்து ஸ்டேஷன் ரெண்டு தெரு தள்ளிதாம்மா. அப்ப எங்க அம்மாவுக்கு நேரம் இருந்துச்சுன்னுதானே சொல்லுவாங்க?” அவள் அம்மா யாரையும் கொல்லவில்லை. இன்னும் அடிவாங்கிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். வழக்கறிஞர் தோழியின் எண்ணைக் கொடுத்தேன். கேள்விக்குப் பதில் கொடுக்கவில்லை.

அந்தத் தோழிதான் 2012இன் மதுரை வழக்கை நினைவுபடுத்தினார். மகளிடம் பாலியல் வன்முறைக்கு முயன்ற கணவனைத் தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்றார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் 100ஆம் பிரிவைக் காட்டி அவரை விடுவித்தார். எல்லோரும் பாராட்டினோம், நானும்தான். தோழி கேட்டார்: “அந்த நாற்காலியில வேற ஒருத்தர் உட்கார்ந்திருந்தா?” நியாயமான கேள்வி. அதே இரவில், மகளிடம் அல்லாமல் மனைவியிடமே அவர் அப்படி நடந்திருந்தால் என்ற கேள்வியையும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

நம் நீதிமன்றங்கள் கதையே கேட்காதவை அல்ல. 1989இல் சென்னை உயர்நீதிமன்றம், குழந்தைகளோடு கிணற்றில் விழுந்து தான் மட்டும் பிழைத்த பெண்ணின் வழக்கில் நல்லதங்காளை நினைவுகூர்ந்தது. ‘நல்லதங்காள் சின்ட்ரோம்’ என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. திடீர்ச் சினம் மட்டுமல்ல, நாள்பட்டுச் சேர்ந்த சினமூட்டலும் கொலைக் குற்றத்தைக் குறைக்கும் என்றது தீர்ப்பு. 2013இல் குவாஹாத்தி உயர்நீதிமன்றம், தன்னை ஓயாமல் அடித்த கணவனைக் கொன்ற பெண்ணுக்கு இதே வழியில் குற்றத்தைக் குறைத்தது. ஒரு தமிழ் நாட்டுப்புறக் கதை அசாம்வரை போய் ஒரு பெண்ணுக்கு உதவியதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.

இருந்தாலும் நெருடுகிறது. நல்லதங்காள் யாரையும் எதிர்த்தவள் அல்ல. பஞ்சமும் மூளி அலங்காரியின் பழிச்சொல்லும் துரத்த, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். அவள் வழியாக வருகிறவளுக்குக் கிடைப்பது இரக்கம், தண்டனைக் குறைப்பு, ஒரு நோயின் பெயர். ‘நீ செய்தது உன் உரிமை’ என்ற சொல் கிடைப்பதில்லை. அதற்குப் பத்திரையின் வழியாக வந்திருக்க வேண்டும். சினமூட்டல் என்ற பிரிவு மனம் நிலைதவறியதைப் பேசுகிறது. தற்காப்பு என்ற பிரிவோ மனம் சரியாகக் கணக்கிட்டதைப் பேசுகிறது. கணவனைக் கொன்றவளை இரண்டாவது பிரிவில் உட்கார வைக்க நமக்கு இன்னும் கூசுகிறது.

கூச்சமில்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே வன்புணர்வு, கொலை வழக்கில் கைதான நால்வரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. சொன்ன காரணம் தற்காப்பு. எங்கள் கல்லூரியில் சாக்லேட் கொடுத்தார்கள். நானும் ஒன்றை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன், தின்னவும் முடியவில்லை, மறுக்கவும் துணிவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், காவல்துறை வேண்டுமென்றே சுட்டது என்று பின்னர் அறிக்கை தந்தது. துப்பாக்கியோடு காவலில் வைத்திருந்தவர்களின் அச்சம் அன்றே நம்பப்பட்டது. ஆகவே தற்காப்பின் எல்லையை அகலப்படுத்துங்கள் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்க எனக்குத் தயக்கம் உண்டு. அகலமான பாதையில் முதலில் ஓடி வருகிறவர் யார் என்று பார்த்துவிட்டோம். நான் கேட்பது குறுகலானது: 37ஆம் பிரிவின் அந்த ‘நேரம்’ யாருடைய கடிகாரத்தில் அளக்கப்படுகிறது, 63இன் விதிவிலக்கு ஏன் இன்னும் இருக்கிறது.

இந்தப் பருவத் தேர்வுக்குக் குண்டலகேசியிலிருந்து ஐந்து மதிப்பெண் வினா எழுதியிருந்தேன்: ‘பத்திரை மூன்றுமுறை வலம்வரக் கேட்டதன் காரணத்தை ஆராய்க.’ பாடத்திட்டத்துக்கு வெளியே போகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.